பெயர் போடாமல் ஆர் தருவினம்?

டெரி ஃபொக்ஸ் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் யார் என்று யாரையும் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அப்படி ஒருவர் கிடையாது. புற்றுநோய் ஆய்வுக்குக் காசு சேர்க்க, அந்த நோயில் இளவயதில் இறந்த ஒரு கனடியரின் பெயரில் வருடா வருடம் நடக்கிற ஓட்டம் அது. கனடாவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. செப்டெம்பர் பிறந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வரும், பிள்ளையிடம் இரண்டு டொலர்க் குற்றி ஒன்று கொடுத்துவிடச் சொல்லி. ஓட்ட நாளில் நெஞ்சில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு எல்லாம் மைதானத்தைச் சுற்றும். சிலது ஓடும், சிலது கை கோத்துக் கதைத்துக்கொண்டு நடக்கும், சிலது நடுவில் நின்று தும்பி பிடிக்கும். நேரம் குறிக்க ஆள் இல்லை, வெற்றி மேடை இல்லை, கிண்ணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்த்து, முதலாம் இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு மட்டுமே மேடை உண்டு என்று நம்பி வளர்ந்த எனக்கு, மகளின் பள்ளிக்கூடத்தில் முதல்முறை இதைப் பார்த்தபோது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. இதென்ன ஓட்டம் என்று யோசித்தேன்.

இப்போது அப்படி யோசிப்பதில்லை. அதற்குக் காரணம் டெரி ஃபொக்ஸ் பற்றி நான் படித்தது பாதி, எங்களுடைய ஒரு கூட்டம் மீதி. அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தத் தலைப்பு. அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை.

ஞாபகார்த்தக் கிண்ணம்

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஊரில் ஒரு பொடியன் நன்றாகப் பந்தடிப்பான், அல்லது நல்ல வேகப் பந்து வீச்சாளன், இளம் வயதிலேயே செத்துப்போவான். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சாகும். அடுத்த வருடம் கழகம் ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி வைக்கும். ஊரிலும் அப்படித்தான், ஸ்காபரோவிலும் அப்படித்தான், லண்டனிலும் பாரிஸிலும் அப்படித்தான். முதல் வருடம் அழுவார்கள். இரண்டாம் வருடம் பிரதம விருந்தினர் பிந்தி வருவார். அதற்கடுத்த வருடங்களில் பொடியனின் பெயர் அறிவிப்பாளர் வாயில் ஒரு முன்னொட்டு மாதிரி ஓடிப்போகும், நிறுத்தி யாரும் அவனைப் பற்றி ஒரு வசனம் சொல்வதில்லை. பிறகு யார் தலைவர் என்று ஒரு சண்டை வரும், கழகம் இரண்டாக உடையும், கிண்ணம் யாருடைய வீட்டு அலுமாரியிலோ நிற்கும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை, பல வருடங்களாக ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கோபிக்கக்கூடாது. ஆனால் நான் சொல்கிறதை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு விபத்தில் போய்விட்டான். இடது பக்கத்தால் ஓடுகிறவன், பந்து காலில் இருக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கிற பழக்கம் இருந்தது, எங்கள் கழகங்களில் அது அபூர்வம். அவன் பெயரில் ஒரு நிதியம் தொடங்க வேண்டும், வன்னியில் வெறுங்காலோடு விளையாடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் பந்தும் வாங்க வேண்டும், முடிந்தால் ஒரு பயிற்றுநருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது தாயின் விருப்பம். அதற்காக ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் அறையில் கூடினோம். ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தன. அறிவித்தலை நான் எழுதவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

கூட்டத்தின் பெரும்பகுதி பதாகையைப் பற்றியே போனது. ஒருவர் முன்கூட்டியே செய்துவைத்திருந்த மாதிரியைத் தொலைபேசியில் காட்டினார். பிளாட்டினம், கோல்ட், சில்வர் என்று அனுசரணையாளர்களுக்கு மூன்று வரிசை. வீடு விற்கிற முகவர் இருவர், மோட்கேஜ் எடுத்துத் தருகிறவர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், எல்லோரும் கோட் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். பொடியன் இடது மூலையில் ஒரு முட்டை வடிவத்துக்குள் இருந்தான். அவனுடைய முகம் அந்த வீட்டு முகவரின் டை முடிச்சளவுதான் இருந்தது. நான் விரலால் பெருப்பித்துப் பார்த்தேன், புள்ளி புள்ளியாக உடைந்துபோனது, யாரோ முகநூலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஒருவருடைய படமும் இல்லாமல், பொடியனின் பெயரை மட்டும் போட்டுக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று சொன்னேன். மேசைக்கு எதிரில் இருந்த அண்ணை, இந்த மாதிரி வேலைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர், கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, பெயர் போடாமல் ஆர் தருவினம்?"

அறையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னது அனுபவம். அவர் எத்தனையோ கடைப் படிகளில் ஏறி இறங்கியவர், நான் எழுதுவதற்கு மட்டும் வந்தவன்.

ஒரு ஆளுக்கு ஒரு டொலர்

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. பெயர் போடாமல், கிண்ணம் கொடுக்காமல், படம் எடுக்காமல் நாற்பது வருடத்துக்கு மேல் நடக்கிற ஒரு சங்கதி என் மகளின் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறதே, அது எப்படி நடக்கிறது என்று தேடத் தொடங்கினேன். கனடாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெரி ஃபொக்ஸ் 1958இல் வின்னிபெக்கில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்விட்லமில் வளர்ந்தவர். கூடைப்பந்துப் பைத்தியம். 1977 மார்ச்சில் வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள், முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். வயது 18. அதன் பிறகு பதினாறு மாதம் கீமோதெரபி. அந்த ஆஸ்பத்திரியில்தான் அவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்தார், சிலர் திரும்ப வராமல் போனதையும் பார்த்தார். தான் வெளியே வந்துவிட்டாலும் அந்த முகங்கள் அங்கேயே இருக்கின்றன என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை என்று 1979 ஒக்டோபரில் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடப்போகிறேன், உதவுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். சங்கத்துக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. முதலில் அனுசரணையாளர்களைப் பிடித்துக்கொண்டு வா, இருதய வைத்தியரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா என்றார்கள். பெற்ற தாய்க்கே முதலில் உடன்பாடில்லை. மற்றவர்களுக்கு முன்னால் நீங்கள்தான் என்னை நம்புவீர்கள் என்று நினைத்தேன் என்று மகன் சொன்னதையும், அவனை முதலில் கைவிட்டது தானே என்பதையும் பெற்றி ஃபொக்ஸ் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜோன்ஸில் செயற்கைக் காலை அத்திலாந்திக் சமுத்திரத்தில் நனைத்துவிட்டுத் தொடங்கினார். நாளுக்கு ஒரு மரதன், அதாவது 42 கிலோமீற்றர் அளவில். பழைய படச் சுருளில் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் கண் முதலில் முகத்துக்குப் போகாது, இடது காலுக்குத்தான் போகும். நல்ல காலால் இரண்டு தரம் தெத்துவார், அதற்குள் செயற்கைக் கால் முன்னால் வந்து ஊன்றும், மறுபடி இரண்டு தெத்து. அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓட்டத்துக்குச் செய்ததில்லை, அது மீண்டு வருவதற்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது. வெட்டிய இடம் உரசிப் புண்ணாகி இரத்தம் கசியும். இப்படி 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பேக்குக் கிட்ட இருமலும் நெஞ்சு நோவும் வந்தன. தெருவோரம் ஆட்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்ததால் நிற்க மனம் வராமல், ஆட்கள் இல்லாத இடம் வரும்வரை ஓடிவிட்டுத்தான் கூட வந்த வான் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்கு வந்திருந்தது. 1981 ஜூன் 28, இருபத்துமூன்றாவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கக் காலமானார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் தேடியது காசுக் கதை. ஃபோர்ட் நிறுவனம் வான் கொடுத்தது, இம்பீரியல் ஓயில் எண்ணெய்ச் செலவைப் பார்த்தது, அடிடாஸ் சப்பாத்து கொடுத்தது. ஆகவே பெரிய கம்பனிகளைத் தொடவே மாட்டேன் என்று இருந்த ஆளில்லை. ஆனால் தங்களுடைய சாமானை விளம்பரப்படுத்தச் சொல்லிக் கேட்ட கம்பனிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், நிபந்தனையோடு வந்த நன்கொடைகளையும் வாங்கவில்லை. இந்த ஓட்டத்தால் ஒருவரும் இலாபம் சம்பாதிக்கக்கூடாது என்பது அவர் போட்ட கோடு. புறப்பட்ட புதிதில், ஒருவருக்கும் தன்னைத் தெரியாமல், பின்னால் வாற வாகனம் இடிக்குமோ என்று பயந்து ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே போட்ட கோடு. புகழ் வந்த பிறகு விலகி நிற்பது பெரிய விசயமில்லை. பசியோடு இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம்.

போர்ட் ஓ பாஸ்க் என்று நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். சனத்தொகை பத்தாயிரம் அளவு. அந்த ஊர் கொடுத்தது பத்தாயிரம் டொலர். தலைக்கு ஒரு டொலர் என்ற கணக்கு அங்கேதான் பிடிபட்டது, பிறகு முழு நாட்டுக்கும் அதையே இலக்காக வைத்தார். 1981 பெப்ரவரி 1ஆம் திகதி நிதி 24.17 மில்லியன் டொலரைத் தாண்டியபோது கனடாவின் சனத்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், டெரி அதை உயிரோடு இருந்து கண்டார். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விசயம், அதில் பிளாட்டினத்துக்கு இடமில்லை. ஒரு டொலர் கொடுத்தவனுக்கு எந்தப் பதாகையில் படம் போட முடியும்?

தன் மகனின் பெயரை வைக்காத தகப்பன்

அண்ணையின் கேள்விக்கு இதெல்லாம் பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். டெரி ஃபொக்ஸ் உயிரோடு இருந்த ஆள், தொலைக்காட்சியில் வந்த ஆள், ஒற்றைக் காலோடு தெருவில் நின்ற ஆள். அவர் கேட்டால் கொடுப்பார்கள். செத்த பிறகு, ஓட ஆள் இல்லாத காலத்தில், யார் கொடுப்பார்கள்? அந்த இடத்தில்தான் இசடோர் ஷார்ப் வருகிறார், என் யோசனை திசை மாறியதும் அவரால்தான்.

ஷார்ப் என்பவர் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்களைத் தொடங்கிய ரொறன்ரோக் கோடீஸ்வரர். டெரி இன்னும் கிழக்குக் கரையில் தெத்திக்கொண்டிருந்த நாட்களிலேயே அவர் பத்தாயிரம் டொலர் தருவதாகச் சொன்னார், அதோடு பத்திரிகையில் விளம்பரம் போட்டு இன்னும் 999 நிறுவனங்களைச் சவாலுக்கு அழைத்தார், டெரி ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு டொலர் கொடுங்கள் என்று. டெரி ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஷார்ப் ஒரு தந்தி அனுப்பினார்: நீ தொடங்கியதை நாங்கள் விடமாட்டோம், உன் பெயரில் ஒவ்வொரு வருடமும் நாடு முழுக்க ஓட்டம் வைப்போம் என்ற கருத்தில். டெரி சம்மதித்தார், ஆனால் தன் பங்குக்கு நிபந்தனை வைத்தார். போட்டி இருக்கக்கூடாது. வெற்றியாளர் இருக்கக்கூடாது. ஓடுகிறவர் ஓடட்டும், நடக்கிறவர் நடக்கட்டும், சக்கர நாற்காலியில் வருகிறவர் அப்படி வரட்டும். 1981 செப்டெம்பர் 13ஆம் திகதி, அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், முதலாவது ஓட்டத்துக்கு மூன்று இலட்சம் பேர் வந்தார்கள், 3.5 மில்லியன் டொலர் சேர்ந்தது.

இவ்வளவும் ஒரு பணக்காரரின் நல்ல மனது என்று கடந்து போயிருப்பேன். ஆனால் ஷார்ப்பின் சொந்த மகன் கிறிஸ் 1978இல், இதற்கு இரண்டு வருடம் முன்னால், மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்திருக்கிறான். பள்ளிக்கூட வயது தாண்டாத பிள்ளை.

நான் இந்த இடத்தில் நிறைய நேரம் நின்றேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், அதே நோயின் வேறொரு வகையில், கையில் காசும் செல்வாக்கும் ஹோட்டல்களும் இருக்க, மகனின் பெயரில் ஒரு ஓட்டம் வைத்திருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? நியாயம் என்றுதான் சொல்லுவோம். எங்கள் ஆட்களில் யாராவது அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் சனம் கதைக்கும், மகனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று. அந்த மனிதர் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை மேலே தூக்கிவிட்டு, தன் பிள்ளையின் பெயரை வீட்டோடு வைத்துக்கொண்டார். என்ன நினைத்துச் செய்தார் என்று எனக்குள் கற்பனை பண்ணிப் பார்த்தேன், சரிவரவில்லை. அடுத்தவர் துக்கத்துக்குள் போய் நின்றுகொண்டு பேசுவது எனக்கு எப்போதும் வராது. செய்ததை மட்டும் பார்க்கிறேன். காசு தேவையான இடத்துக்குப் போவதற்கு எந்தப் பெயர் சனத்தைக் கூட்டிவருமோ அந்தப் பெயர் மேலே போனது. மற்றப் பெயர்கள் ஒதுங்கிக்கொண்டன, அவற்றில் ஒன்று ஷார்ப்பின் பிள்ளையுடையதாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணையின் கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. பெயர் போடாமல் யாரும் தரமாட்டார்கள் என்பது சரியாகவே இருக்கட்டும். ஒரு பெயர் வேண்டும்தான். ஆனால் எத்தனை பெயர்? நாங்கள் அன்றைக்கு மேசையில் வைத்திருந்த பதாகையில் பெயர் இல்லாமல் இல்லை, கூடிப்போய் இருந்தது. ஒரு பெயரைச் சுற்றிச் சனம் சேரும், பன்னிரண்டு பெயரைச் சுற்றி விளம்பரப் பலகைதான் சேரும்.

இந்தக் கோட்டைக் காப்பாற்ற ஆளும் வேண்டும். டெரி ஃபொக்ஸ் விசயத்தில் அது தாய். பெற்றி ஃபொக்ஸ் 2011இல் தான் காலமாகும்வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளோடு பேசினார், மகனின் பெயர் சந்தைச் சரக்காகாமல் பார்த்துக்கொள்வதில் கண்டிப்பாக இருந்தார். சகோதரங்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஓட்டம் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது, சென்னை ஐஐடி வளாகத்தில்கூட நடந்திருக்கிறது. இதுவரை சேர்ந்த தொகை 850 மில்லியன் கனேடிய டொலரைத் தாண்டிவிட்டது. கோடீஸ்வரர்களும் நிறுவனங்களும் கொடுத்ததும் அதற்குள் இருக்கும், ஆனால் ஓட்ட நாளில் பிள்ளைகள் போட்டுக்கொண்டு வருகிற ரீசேட்டின் முதுகில் யாருடைய கடைப் பெயரும் இருக்காது.

படம் எடுக்கிற பிரச்சினை

எங்கள் கூட்டத்தில் பதாகைக்குப் பிறகு வந்த விசயம் படம். சப்பாத்துக் கொடுக்கிற நாளில் யாராவது ஊருக்குப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது எடுத்து முகநூலில் போடவேண்டும், அப்போதுதான் காசு தந்தவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்கள். இதில் நான் இளகமாட்டேன். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிளோ புத்தகப் பையோ, அதன் ஒரு பக்கத்தில் கொடுக்கிறவர் கமராவைப் பார்த்துச் சிரிப்பார், மறு பக்கத்தில் பிள்ளை நிலத்தைப் பார்க்கும். பின்னால் பதாகை, அதில் தந்தவரின் பெற்றோரின் படம். தகப்பன் இல்லாத பிள்ளை, வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும் குடும்பம் என்று கீழே விபரம் வேறு. அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து பல்கலைக்கழகம் போகும், அங்கே கூடப் படிக்கிறவன் அந்தப் படத்தைத் தேடி எடுப்பான். ஒரு சோடிச் சப்பாத்துக்கு இது பெரிய விலை.

டெரி ஃபொக்ஸின் ஓட்டத்திலும் ஒரு பிள்ளையின் படம் இருக்கிறது. கிரெக் ஸ்கொட் என்ற பத்து வயதுப் பையன், எலும்புப் புற்றுநோயில் அவனுக்கும் ஒரு கால் போயிருந்தது. ஒன்ராறியோவின் டெரஸ் பேயில், டெரி ஓட ஓட, பின்னால் சைக்கிளில் கிட்டத்தட்ட ஆறு மைல் வந்தான். பிறகு இருவரும் வாவியில் நீந்தினார்கள். பயணத்திலேயே தன்னை அதிகம் உலுக்கிய நாள் அதுதான் என்று டெரி சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கவில்லை. பொடியன் கையில் சைக்கிள் ஹாண்டில் இருக்கிறது, தெருவைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிறான், அவ்வளவுதான். இரண்டு பேரும் பிறகு இல்லாமல் போனார்கள்.

நம்பிக்கை வரவேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை, எங்கள் சமூகத்தில் காசு சேர்த்து ஏமாற்றிய கதைகள் இல்லாமல் இல்லை. ஆனால் டெரியின் பெயரில் போகிற காசில் படம் எடுக்க என்ன இருக்கிறது? ஆய்வுகூடம், மாதிரிகள், தரவுகள். பலன் எப்போது வரும் என்று யாரும் நாள் குறித்துக் கொடுக்கமாட்டார்கள். இன்னொரு கசப்பான விசயமும் இருக்கிறது. டெரிக்கு வந்த அந்த எலும்புப் புற்றுநோயில், பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் இன்று அரைவாசிக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள், பலருக்குக் காலை எடுக்காமலேயே சத்திரசிகிச்சை செய்ய முடிகிறது. ஆனால் அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி 1980களின் நடுப்பகுதிக்குள் வந்துவிட்டது, அதற்குப் பிறகு பிழைக்கிறவர்களின் வீதம் பெரிதாக ஏறவில்லை. நுரையீரலுக்குப் போய்விட்டால் இன்றும் கஷ்டம்தான். மற்றப் பல புற்றுநோய்களில் பெரிய மாற்றங்கள் வந்திருக்க, அவர் செத்த நோய் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. வழமையான சிகிச்சை கைவிட்ட பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும், அவரவர் கட்டியின் மரபணுவைப் படித்துப் பொருத்தமான மருந்து தேடுகிற புரொஃபைல் என்ற திட்டத்தை டெரி ஃபொக்ஸ் ஆய்வு நிறுவனம் கனடாவின் பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து நடத்துகிறது. அதற்குள் என் மகள் கொடுத்த இரண்டு டொலரும் எங்கேயோ இருக்கும். ரசீதோ படமோ வரவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வருடத் துண்டு வந்ததும் தானாகவே குற்றியை எடுத்து வைத்தாள்.

2005இல், டெரி ஓடி இருபத்தைந்து வருடம் நிறைந்ததையொட்டி, கனடாவின் பள்ளிக்கூடங்களில் ஒரே நாளில் ஏறக்குறைய மூன்று மில்லியன் மாணவர்கள் ஓடினார்கள். அவர்களில் ஒருவரும் டெரி ஓடிய காலத்தில் பிறந்திருக்கவில்லை. எங்களுடைய கல்வெட்டுகளையும் கிண்ணங்களையும் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்களிடம் அழுகை குறைவில்லை, காசும் குறைவில்லை. பிள்ளையைத் தெரியாத ஒரு தலைமுறை வந்து அவன் பெயரில் ஓடவேண்டும் என்றால், ஓடுவதற்கு அவனுடைய சாவைத் தவிர வேறொரு காரணம் இருக்கவேண்டும். புற்றுநோய் இன்னும் இருக்கிறது, ஆகவே ஓட்டம் இருக்கிறது. வன்னியில் வெறுங்கால் இருக்கும்வரை எங்கள் பொடியனின் நிதியத்துக்கும் வேலை இருக்கும், அந்தக் கால்களை மறந்துவிட்டு நாங்கள் கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்காமல் இருந்தால்.

இதையெல்லாம் அண்ணையோடு தொலைபேசியில் நீளமாகக் கதைத்தேன். டெரி ஃபொக்ஸையும் எங்கட பொடியனையும் ஒரு தராசில் வைக்கிறாய் என்றார். நியாயமான கோபம். ஷார்ப்பின் கதையைச் சொன்னபோது மட்டும் இடைவெட்டாமல் கேட்டார். பிறகு, "சரி, அந்த ஹோட்டல்காரன்ர கம்பனியும் காசு குடுத்ததுதானே, அதை எங்கேயாவது சொல்லியிருப்பான்தானே?" என்றார். சொல்லியிருக்கிறான், விளம்பரமே போட்டான் என்றேன். அதில்தான் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்தது. உதவிய நிறுவனங்களின் பெயர்கள் ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் வரும், படம் இல்லாமல். பதாகையில் பொடியனின் பெயரும் நிதியத்தின் நோக்கமும் மட்டும். இதைச் சொன்னதும் வீட்டு முகவர் ஒருவர் விலகிவிட்டார். மற்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சொன்ன தொகையில் பாதியைத் தந்தார். சட்டத்தரணி முழுவதும் தந்தார், நிதியத்தைப் பதிவு செய்கிற கடுதாசி வேலையைக் காசு வாங்காமல் செய்து தருவதாகவும் சொன்னார். மொத்தத்தில் முதலில் போட்ட கணக்கைவிடக் குறைவுதான் கையில் இருக்கிறது, அதை மறைக்க ஒன்றுமில்லை. பயிற்றுநருக்கு இந்த வருடம் சம்பளம் கொடுக்க முடியாது.

பிள்ளைகளின் படம் பற்றி இன்னும் முடிவில்லை. ஆட்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். முகம் தெரியாமல் சப்பாத்தை மட்டும் எடுக்கலாமே என்று ஒருவர் சொல்கிறார், பாடசாலை அதிபரின் கையெழுத்தோடு கணக்கு விபரத்தை வெளியிட்டால் போதும் என்று நான் சொல்கிறேன், படம் இல்லாமல் அடுத்த வருடம் ஒருவரும் தரமாட்டார்கள் என்று அண்ணை நிற்கிறார். விசயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம். பொடியனின் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.